குலுக்கலில் விழுந்த நோயாளிகள்

'சானடோரியத்துக்குப் போனவன் வீடு திரும்ப மாட்டான்!' - கம்மாபுரம் பக்கம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழுப்பு நிலக்கரி தோண்டுவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு அது. பொய்யில்லை. ஆனால், வீட்டிலேயே வைத்துப் பார்த்து, 'இனி முடியாது' என்ற பிறகுதானே தாம்பரத்துக்கு ரயில் ஏற்றினார்கள்? சாகக் கிடப்பவர்களாகப் பொறுக்கி அனுப்பிவிட்டு, பழியை ஆஸ்பத்திரி மேல் போட்டால் எப்படி? டாக்டர்கள், 'தேறுவார்' என்று தோன்றுகிறவருக்கு மட்டும் படுக்கை கொடுத்தால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அதுவும் பொய்க்கணக்குதான்.

1956-ல், அதாவது நெய்வேலி கார்ப்பரேஷன் பிறந்த அதே வருடம், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பமானது. தலைமை, வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். கேள்வி ஒன்றுதான். ஐசோனியசிட், பாஸ் என்று புது மருந்துகள் வந்துவிட்டன. குடிசையில் இருந்தபடியே அவற்றைச் சாப்பிட்டால் போதாதா? படுக்கைக்குக் காத்திருந்தே செத்துக்கொண்டிருந்த ஏழைகளுக்கு இது உயிர்ப் பிரச்னை.

யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை சானடோரியத்துக்கு? டாக்டரிடம் விட்டால் பாவம் பார்த்து, ரொம்ப முடியாதவரை சானடோரியத்துக்குத்தான் எழுதுவார். கணக்கு கெட்டது! அதனால் 193 நோயாளிகளையும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்.

இன்னொரு வம்பும் இருந்தது.

'மருந்து சாப்பிட்டீங்களா?'

'சாப்பிட்டேன் சார்.'

நம்பலாமா? சாப்பிடாதவரைச் சாப்பிட்டவர் பட்டியலில் சேர்த்தால், நல்ல மருந்துகூட மட்டமாகத் தெரியும். திடீரென்று கதவைத் தட்டி, மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். நம்ம ஊர் கணவன்மார்கள் மனைவியிடம்கூட இப்படி மாட்டியிருக்க மாட்டார்கள்!

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருட சிகிச்சையில் நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86. அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸுகள். இங்கே நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படியிருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான்! உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

'வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்ளுமே' என்ற பயம் மட்டும் பாக்கி. இரண்டு தரப்புக் குடும்பங்களையும் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை. ஒட்டவேண்டியது, மருந்து ஆரம்பிக்கும் முன்பே பெரும்பாலும் ஒட்டி முடிந்திருந்தது.