சூரியக் குளிரூட்டல்

சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலால் கட்டடங்களைக் குளிர்விப்பது சூரியக் குளிரூட்டல். வெயில் ஏற ஏறக் குளிர்ச்சியின் தேவை கூடும். அதே வேளையில் ஆற்றலும் மிகுதியாகக் கிடைக்கும். இந்தப் பொருத்தம்தான் பொறியாளர்களை நெடுங்காலமாக ஈர்த்துவருகிறது. இன்று கூரைமேல் சோலார் தகடுகளே கண்ணில் பட்டாலும், இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கியதாகும்.

பிரான்சின் ஃபெர்டினான்ட் கார்ரே 1859இல் அம்மோனியாவும் நீரும் கொண்டு இயங்கும் உறிஞ்சுவகைக் குளிர்பொறியை உருவாக்கினார். அது கேட்டது வெப்பம் மட்டுமே. வெப்பம் கரியிலிருந்து வந்தாலும் வெயிலிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒகுஸ்தான் முஷோ மிகப் பெரிய குவியாடியால் வெயிலைத் திரட்டி, அத்தகைய பொறியை இயக்கிப் பனிக்கட்டி செய்துகாட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலம் அது. பிரெஞ்சு அரசின் ஆதரவு நீடிக்கவில்லை.

கட்டடங்களுக்கு ஏற்ற உறிஞ்சுபொறி 1940களில் அமெரிக்காவின் கேரியர் நிறுவனத்திடமிருந்து வந்தது. இதில் குளிர்விப்பது வெறும் நீர்தான். ஏறத்தாழ வெற்றிடமான கலனில் நீர் 5 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்து, கட்டடத்தின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். எழும் ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சும். அந்தக் கரைசலைச் சூடாக்கினால் ஆவி பிரிந்து, குளிர்ந்து மறுபடி நீராகிச் சுழற்சி தொடரும். கம்ப்ரசர் தேவையில்லை, 80 முதல் 90 டிகிரி வெந்நீர் போதும். வெயிலில் வைத்த வெந்நீர்த் தகடுகளே இந்தச் சூட்டைத் தந்துவிடும்.

1973 எண்ணெய் நெருக்கடிதான் சூரியக் குளிரூட்டலுக்கு உயிர் கொடுத்தது. மறு ஆண்டே பொறியாளர் ஜார்ஜ் லோஃபின் வழிகாட்டுதலில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெப்பம், குளிர் இரண்டையும் வெயிலிலிருந்து பெறும் வீடு இயங்கத் தொடங்கியது. எண்ணெய் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கியது. இத்துறையில் இது பழகிப்போன கதை. எனினும் முயற்சிகள் அறவே நிற்கவில்லை: 2011இல் சிங்கப்பூரின் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் சுமார் 3,900 சதுர மீட்டர் வெந்நீர்த் தகடுகளோடு பெரிய அமைப்பு நிறுவப்பட்டது. குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் ஒரே வெப்பத்தை மூன்று படிகளில் பயன்படுத்தும் மும்மடிச் சுழற்சி உறிஞ்சுபொறியைச் சோதித்தது.

கடைசியில் வெப்ப வழியைப் பின்னுக்குத் தள்ளியது சூரிய மின்தகட்டின் விலைச் சரிவு. 1977இல் ஒரு வாட் சூரிய மின்கலம் சுமார் 76 அமெரிக்க டாலர்; இப்போது அரை டாலருக்கும் கீழே. கணக்கும் மின்சாரத்தின் பக்கமே சாய்கிறது. மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கினாலும், நல்ல ஏசி அதை மூன்று மடங்குக்கு மேற்பட்ட குளிர்ச்சியாக்கும். வெப்ப வழியிலோ வெயிலின் ஒரு பகுதியே வெந்நீர்த் தகட்டில் வெப்பமாகும்; அந்த வெப்பத்திலும் எளிய ஒருமடிச் சுழற்சி உறிஞ்சுபொறி முக்கால் பங்குக்கு மேல் குளிர்ச்சியாக்குவது அரிது. போதாததற்கு, பொறியின் வெப்பத்தை வெளியேற்றும் குளிர்விப்புக் கோபுரத்தில் நீரும் நிறையச் செலவாகும். மின்தகடு வழிக்கு எடுத்துக்காட்டாக, 2014இல் திறக்கப்பட்ட டெல்லி அரசு அலுவலகமான இந்திரா பர்யாவரண் பவன், 930 கிலோவாட் தகடுகளைக் கூரையில் தாங்கி, ஆண்டு மின்தேவையைத் தானே ஈடுகட்டும்படி வடிவமைக்கப்பட்டது.

தீராத சிக்கல் மாலை நேரம். வீடுகளில் ஏசி ஓடத் தொடங்கும்போது வெயில் போயிருக்கும். அதனால் பகல் மின்சாரத்தில் குளிர்நீரோ பனிக்கட்டியோ செய்து தொட்டியில் தேக்கும் முறை பெரிய கட்டடங்களில் கையாளப்படுகிறது. சிறிய வீடுகளுக்கு பேட்டரிதான் வழி.