பிளட்போர்ன்

பிளட்போர்ன் என்பது 2015 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிளேஸ்டேசன் 4 கருவிக்காக வெளியான அதிரடிப் பாத்திர நிகழ்பட ஆட்டம் ஆகும். இதனை யப்பானின் புரொம்சாப்ட்வேர் நிறுவனம் உருவாக்க, சோனி நிறுவனம் வெளியிட்டது. இதன் இயக்குநர் இடெட்டாக்கா மியாசாக்கி ஆவார். கடினத்திற்குப் பெயர்பெற்ற இவ்வாட்டம் அதனாலேயே பலரை ஈர்த்தது.

கதைக்களம்

யார்னம் என்னும் கற்பனை நகரம் குருதி மருத்துவத்திற்குப் புகழ்பெற்றது. அங்கு மனிதரை விலங்குகளாக மாற்றும் கொள்ளைநோய் பரவுகிறது. ஆட்டக்காரர் வேட்டைக்காரராகி, இரவில் அதன் மூலத்தைத் தேடுகிறார். கூரிய கோபுரங்களும் இருண்ட தெருக்களும் விக்டோரியா காலத்துக் கோதிக் கதைகளை நினைவூட்டுகின்றன. ஓநாய் மனிதரைப் பற்றிய அச்சம், எச். பி. லவ்கிராப்டின் கதைகளில் உள்ளதைப் போன்று, மனித அறிவுக்கு எட்டாத உயிர்களைப் பற்றிய அச்சமாகப் பின்னர் மாறுகிறது.

ஆட்டமுறை

எதிரிகளைக் கொன்று பெறும் 'குருதி எதிரொலி'களே ஆட்டக்காரரின் செல்வம்; அவரது ஆற்றலை உயர்த்தவும் அவையே பயன்படும். இறந்தால் அவை கைவிட்டுப் போகும். இறந்த இடத்திற்குச் சென்றோ, அவற்றைக் கைப்பற்றிய எதிரியைக் கொன்றோ மீட்கலாம். அதற்குள் மீண்டும் இறந்தால் அவை முற்றாக அழியும்.

கேடயத்திற்கு இங்கு முதன்மை இல்லை. அடிபட்ட சில நொடிகளுக்குள் திருப்பித் தாக்கினால், இழந்த உயிர்வலுவில் ஒரு பகுதி மீளும். ஆகவே துணிந்து முன்னேறுவது பல வேளைகளில் பின்வாங்குவதைவிடப் பயன் தரும்.

ஈர்ப்பு

கடின அளவைக் குறைக்கும் தெரிவு இதில் இல்லை. ஆயினும் எதிரிகளின் தாக்குதல்கள் கற்றறியக் கூடியவை. ஆட்டப் பாத்திரத்தின் ஆற்றலோடு ஆட்டக்காரரின் திறனும் வளர்வதால், பலமுறை தோற்ற பின் கிட்டும் வெற்றியை அவர் தமது உழைப்பின் பயனாக உணர்கிறார்.