புகையிலை வழக்கில் தாமதமாக வந்த சாட்சியம்

ஆனைமலையில் ஒரு ஜனாஸாத் தொழுகை முடிந்து மையவாடிக்குச் செல்கையில் இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, "ஹஜ்ரத், பெரியம்மா ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. அவங்களுக்கு ஏன் நுரையீரலில் புற்றுநோய் வந்தது?" என்று வினவினார். விடை தேடுமுன், புகையிலை குறித்து நம் முன்னோர் நடத்திய விவாதத்தைச் சற்றே நினைவுகூர்தல் நலம்.

பீஜப்பூரிலிருந்து அஸத் பேக் கொணர்ந்த புகையிலையை அக்பர் சுவைத்தபோது, சோதித்தறியாததை ஏற்கலாகாது என்று அரசவை ஹகீம் தடுத்தார். எல்லா வழக்கமும் ஒருகாலத்தில் புதியதே என்றார் அஸத் பேக். 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தும் பழக்கம் ஓயவில்லை. எகிப்தில் இப்ராஹீம் அல்லகானீ (மறைவு ஹிஜ்ரி 1041) புகைத்தலை விலக்கினார்; அலீ அல்உஜ்ஹூரீயோ (மறைவு ஹிஜ்ரி 1066) அது ஆகுமானது என்றார். இருவரும் மாலிக்கீ மத்ஹபினர். முடிவு மாறுபட்டது கல்வியின் குறையாலன்று. தீங்கு உண்டா என்பதே வழக்கு; முப்பதாண்டு கழித்து வெளிப்படும் தீங்கிற்கு அன்று சாட்சியம் ஏது? பிறருக்கு இடையூறு என அந்நூல்கள் பெரும்பாலும் பேசியதும் வாய்நாற்றத்தைத்தான்.

சாட்சியம் 1950இல் வந்தது. லண்டன் மருத்துவமனைகளில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளரை, அதே பாலினமும் ஒத்த வயதும் உடைய பிற நோயாளருடன் ஒப்பிட்டனர். வயதை ஒக்கவைத்தது நுட்பமான செயல். இந்நோய் முதுமையில் மிகுவதால், வயதைக் கருதாவிடின் முதுமையின் பழி புகையின்மேல் விழுந்துவிடக்கூடும். ஆண் நோயாளர் 649 பேரில் புகைக்காதவர் இருவரே. பெண்கள் 60 பேரிலோ 19 பேர் புகைக்காதவர்கள்.

நம் இளைஞரின் கேள்வி அந்தப் பத்தொன்பது பேரைப் பற்றியதே. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பல்லாண்டு கவனித்துக் கண்டதை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைத்த இல்லங்களில் மனைவியர் இந்நோயால் இறப்பது கூடுதலாயிருந்தது. புகையிலை வணிகர் கடுமையாக மறுத்தனர். ஆயினும் பின்வந்த ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன. தென்னை மட்டையும் விறகும் எரியும் அடுப்படிப் புகையையும் ஆய்வாளர் இன்று ஐயத்திற்குரியதாகவே கருதுகின்றனர்.

பெரியப்பா புகைப்பாரா என்று இளைஞரிடம் கேட்டோம். "நாற்பது வருஷமா, வீட்டுக்குள்ளேயேதான்" என்றார். ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுவே காரணம் என்று துணிதல் மருத்துவருக்கும் அரிது. பெரியவர் அப்போது மையவாடி வாசலில் நின்று, வந்தோரின் ஸலாமுக்குப் பதில் கூறிக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் இதைப் பேச நமக்கு நா எழவில்லை.