செயலின்மையும் தலையீடும்

செயலின்மை, தலையிடாமை என்னும் இரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே பலர் வழங்குவர். அயலவன் துன்புறக் கண்டும் "எமக்கேன் வீண் வம்பு" என்று ஒதுங்குபவன் தான் ஒன்றுஞ் செய்யவில்லை என்றே எண்ணுகின்றான். நாட்டை ஆளும் அதிகாரம் படைத்தோரும் அவ்வாறு கூறித் தப்பலாமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவை வருத்திய மூன்று பஞ்சங்கள் இவ்வினாவுக்கு விடை பகர்கின்றன.

1865ஆம் ஆண்டு ஒரிசாவில் மழை பொய்த்தது. அரிசி தருவிக்குமாறு விடுத்த வேண்டுகோளை வங்காள இறைவரிச் சபையார் ஏற்கவில்லை. விலை ஏறினால் வணிகர் தாமே தானியங் கொண்டுவருவர் என்பது அவர்தம் துணிபு. நல்ல பாதைகளற்ற அந்நாட்டுக்கு வணிகர் வந்திலர். அரசினர் விழித்தெழுந்தபோது 1866ஆம் ஆண்டுப் பருவக்காற்று கடல்வழியை அடைத்துவிட்டது. ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இது செயலின்மை.

1873ஆம் ஆண்டு பீகாரிலும் வங்காளத்திலும் பயிர் கருகியது. இராசப்பிரதிநிதி நோர்த்புறூக் பிரபு ஒரிசாவை மறந்தாரல்லர். பர்மாவிலிருந்து 4 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அரிசி தருவிக்கப்பட்டது. அதனைப் பங்கிடும் பொறுப்பைச் சேர் றிச்சட் ரெம்பிள் ஏற்றார். பட்டினியால் இறந்தோர் மிகச் சிலரே. இது தலையீடு. ஆயினும் உயிர்களைக் காத்தவருக்குக் கிடைத்த பரிசு, பணத்தை வீணாக்கினார் என்னும் கண்டனமே.

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திற் பஞ்சம் மூண்டது. சென்னை அரசாங்கம் தானியம் வாங்கத் தொடங்கியது. வணிகத்தில் தலையிடலாகாது எனக் கூறி, லிற்றன் பிரபுவின் இந்திய அரசாங்கம் அதனைத் தடுத்தது. 1877ஆம் ஆண்டு தை மாதத்திற் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் அதே ரெம்பிள். பழைய கண்டனத்தால் தழும்பேறிய அவர் இம்முறை சிக்கனமே குறியாக நின்றார். நாள் முழுவதும் மண் சுமந்தவனுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசுமே கூலியாயின. அவ்வுணவு உயிர் தாங்கப் போதாதென மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்ணிஷ் வாதாடினார். சில மாதங்களின் பின்னரே கூலி உயர்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர் என மதிப்பிடுவர். பசி துரத்திய தமிழர் பல்லாயிரவர் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களை அடைந்தனர். இந்நாட்டு மலைநாட்டு மக்கள் பலரின் முன்னோர் கதையில் இப்பஞ்சத்துக்கும் பங்குண்டு.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரிசாவில் அரசினர் வாளாவிருந்தனர். சென்னையிலோ, உதவ நீண்ட கையை மறித்தனர், கூலியைக் குறைத்தனர். இவை யாவும் செயல்களே. அவற்றுக்குத் "தலையிடாமை" என்று பெயரிட்டமையே கொடுமை. தானியக் கடையில் தலையிடாதவர் ஏழையின் உணவுத் தட்டில் தலையிட்டனர்!

1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழு, பஞ்சத்தில் மக்களைக் காத்தல் அரசின் கடன் என ஒப்புக்கொண்டது. அதன் பயனாகப் பஞ்ச நிவாரண விதிகள் எழுந்தன. அவ்விதிகளுக்கு மக்கள் கொடுத்த விலையோ பெரிது.

இளைஞர்காள்! எவரேனும் "நாம் தலையிடவில்லை" என்று கூறின், அவர்தம் கை எங்கே இருந்தது என்று கேளுங்கள். மடியில் இருந்ததா, பிறர் கையைப் பற்றித் தடுத்ததா? தடுக்கும் வலிமையுடையோர்க்குக் காக்கும் வலிமையும் உண்டன்றோ?