தம்பிக்குப் பாடம் சொன்ன அண்ணன்

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) என்னும் இளைஞர், ஏறத்தாழ ஒத்த வயதினரான தம் தோழர்கள் சிலருடன் மதீனா வந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருகில் இருபது இரவுகள் தங்கினார். அவர்களின் உள்ளம் வீட்டை நாடுவதைப் பெருமானார் (ஸல்) குறிப்பால் உணர்ந்தார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று பரிவுடன் வினவினார்கள். பிறகு, ஊர் திரும்பித் தம் மக்களுக்குக் கற்பிக்குமாறும், தொழுகை நேரம் வந்ததும் ஒருவர் பாங்கு சொல்ல, வயதில் மூத்தவர் முன்னின்று தொழுவிக்குமாறும் பணித்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இருபது நாள் கற்றவர்களிடம், இன்னும் பல ஆண்டுகள் கற்ற பின்னரே பிறருக்குச் சொல்லலாம் என்று கூறப்படவில்லை என்பதை ஈண்டு நாம் கருதவேண்டும். கற்ற அளவைக் கற்பிக்கும் கடமை அவர்கள் தோளில் ஏற்றப்பட்டது. அக்கடமையே அவர்களைத் தலைவர்களாக்கிற்று.

அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது. அவருடைய ஊர் நீர்த்துறை ஒன்றின் அருகே இருந்தது. அவ்வழியே செல்லும் பயணிகளிடம் கேட்டுக் கேட்டே அச்சிறுவர் திருக்குர்ஆன் வசனங்களை மனனம் செய்தார். மக்கா வெற்றிக்குப் பின் அவர் குலத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, குர்ஆனை மிகுதியாக அறிந்தவர் அவரே எனக் கண்டு, ஆறேழு வயதினரான அவரையே இமாமாக நிறுத்தினர். அவர் மேலாடை குட்டையாக இருந்ததால், துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தனர். மூத்தோர் சிறுவருக்குப் பின்னே நின்றனர். அவருடைய குறையைத் தம் பொறுப்பாக ஏற்று நிறைத்தனர். இளையோரை வளர்க்கும் முறை இதுவன்றோ?

இம்மரபு பின்னாளில் கல்விக்கூடங்களிலும் வேர்விட்டது. கி.பி. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற மதரசாக்களில் 'முஈத்' என்றொரு பதவி உண்டு. 'திரும்பச் சொல்பவர்' என்பது அதன் பொருள். ஆசிரியர் பாடம் நடத்திச் சென்றபின், விளங்காத மாணவர்களோடு அமர்ந்து அதனை விளக்கிச் சொல்வது அவர் பணி. பாடத்தைக் கேட்டுவிட்டுப் போகும் மாணவரினும் கூடுதலான கடமை முஈதுக்கு உண்டு என, 1370இல் மறைந்த அறிஞர் தாஜுத்தீன் சுப்கி எழுதியுள்ளார்.

நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் இதற்கு இணையானவன் சட்டாம்பிள்ளை. மணலில் விரலால் எழுத்துக் கூட்டும் சிறுவர்களை மேற்பார்ப்பவன் அவனே. இம்முறை கடல் கடந்த வரலாறு சுவையானது. 1789இல் சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது, 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை அப்பெயரால் குறித்தமையால், அது தமிழ்ப் பள்ளியே எனக் கொள்ளலாம். தம் விடுதியிலும் அம்முறையைப் புகுத்த அவர் முனைந்தார். துணை ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் செய்ய மறுத்ததை அச்சிறுவன் செய்து காட்டினான்.

1797இல் பெல் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்து 1833இல் திறக்கப்பட்ட பள்ளி, இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஆயினும் அம்முறை நிலைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓராசிரியரைக் கொண்டே குறைந்த செலவில் நடத்தும் வழியாகவே பலர் அதனைக் கண்டனர். 1798இல் லண்டனில் இதையொத்த பள்ளியைத் தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், பிரம்படியை விலக்கினாலும், கழுத்தில் மரக்கட்டை மாட்டுதல் போன்ற அவமானத் தண்டனைகளைக் கையாண்டார். மூத்த மாணவன் ஒப்பிக்கக் கேட்பவனாகவும் குற்றம் குறித்துக் கொடுப்பவனாகவும் சுருங்கினான். நம் சட்டாம்பிள்ளையும் பல இடங்களில் அஞ்சப்பட்டானேயன்றி, நேசிக்கப்படவில்லை. 1846இல் இங்கிலாந்து, பதின்மூன்று வயது முதல் ஐந்தாண்டு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறைக்கு மாறியது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். இளையவனை அடக்கும் அதிகாரத்தைப் பெற்றவன் காவலாளி ஆகிறான். இளையவன் தேறுவதற்குத் தானே பொறுப்பு என உணர்ந்தவன்தான் தலைவன் ஆகிறான். மாலிக் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது பிரம்பன்று, அமானிதம்.

நம் ஊர்களின் ஓதும் பள்ளிகளில், மூத்த பிள்ளை சிறு பிள்ளையை அருகில் அமர்த்தி, அலிஃப் முதல் எழுத்துக் கூட்டிக் கொடுக்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஓதிக்கொடுக்கும் பெண்மணிகளின் வீட்டுத் திண்ணையிலும், மூத்த சிறுமி இளையவளின் பாடம் கேட்பதுண்டு. அவர்களுள் எத்தனையோ பேர் பின்னர் ஊரையும் குடும்பத்தையும் தாங்கும் தூண்களாயினர்.

இன்று நம் இளைஞர் மன்றங்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன பணி தருகிறோம்? நாற்காலி போடவும் அழைப்பிதழ் கொடுக்கவும் அழைக்கிறோம். பிறகு, தலைமை ஏற்க ஆளில்லையே என வருந்துகிறோம்! நாற்காலிகளுக்குப் பதிலாக, ஓர் இளைய உள்ளத்தை அவர்களிடம் ஒப்படைத்துப் பார்ப்போம். அவன் ஓதத் தடுமாறினால் திருத்துவதும், பள்ளிப் பாடத்தில் பின்தங்கினால் உடனிருப்பதும், வராத நாளில் வீடு தேடிச் செல்வதும் அவர்கள் கடமையாகட்டும். அவர்கள் தவறினால் அம்ர் (ரலி) அவர்களின் குலத்தார்போல் நாம் சட்டை தைத்துக் கொடுப்போம். இமாமை மாற்ற விரைய வேண்டாம்.