ஜனாஸா~1: கோப்புப் பெயர்கள் குறுகிப்போன கதை



கொஞ்சம் நீண்ட பதிவுதான். ஊரின் பழைய ஆவணங்களைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் எல்லோருக்கும் உபயோகப்படும் என்பதால் ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த நோன்பு லீவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய வன்தட்டைத் திறந்தோம். விண்டோஸ் 98 காலத்தில் ஊரின் ஜனாஸாப் பதிவுகளையும், மூத்தவர்கள் சொன்ன விடயங்களையும், மலர்க் கட்டுரைகளையும் தட்டச்சு செய்து சேமித்த பிரதி அது. மூல வன்தட்டு பழுதாகத் தொடங்கியபோது, திருத்த வந்தவர் நெகிழ்வட்டு போட்டு டொஸ் வழியாக அவசரமாகப் பிரதியெடுத்துக் கொடுத்திருக்கிறார். கோப்புகள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். பெயர்கள் தப்பவில்லை.

வருடத்தோடும் விபரத்தோடும் நீளமாக எழுதிய பெயர்களின் இடத்தில் ஜனாஸா~1, ஜனாஸா~2, ஜனாஸா~3 என்று ஒரு வரிசை மட்டும் இருந்தது. ஆங்கிலத்தில் ஜே, ஏ, என், ஏ, இசட், ஏ என்ற ஆறு எழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் இலக்கம். பத்தாவது கோப்பில் இலக்கம் இரண்டானதால் ஓர் எழுத்து இன்னும் குறைந்திருந்தது. எது எந்த வருடத்தின் பதிவு என்று பெயரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இது ஏன் நடந்தது என்று மாணவர்கள் கேட்டார்கள். பதில் ஐம்பது வருடங்களுக்கு முன்னே போகிறது.

அன்றைய கணினிகளில் நினைவகம் தங்கம் மாதிரி. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனம் செய்த பெரிய கணினிகள் சில ஒரே தடவையில் 36 பிட்களைக் கையாண்டன. ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால் அதில் சரியாக ஆறு எழுத்து அடங்கும். ஆகவே அவற்றில் ஓடிய டொப்ஸ்-10 முறைமையில் கோப்பின் பெயர் ஆறு எழுத்து, அதன் வகையைச் சொல்லும் பின்னொட்டு மூன்று எழுத்து. 1974இல் கேரி கில்டால் சிறிய கணினிகளுக்காக சிபி/எம் என்ற பணிசெயல் முறைமையை உருவாக்கியபோது பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும் ஒதுக்கினார்.

1980இல் சியாட்டில் கொம்பியூட்டர் புரொடக்ட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த டிம் பேட்டர்சன், சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய விதத்தில் ஒரு முறைமையை எழுதினார். மைக்ரோசொப்ட் அதை வாங்கியது. 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தனியாள் கணினியோடு அது டொஸ் என்ற பெயரில் உலகத்துக்கு வந்தது. எட்டும் மூன்றும் கூடவே வந்தன.

டொஸ் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட ஒரு வரி இருக்கும். நம்முடைய வரவு இடாப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி இருப்பது போல. அந்த 32 பைட்டில் பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3, கோப்பின் தன்மைக்கு 1, நேரத்துக்கு 2, திகதிக்கு 2, வட்டில் தொடங்கும் இடத்துக்கு 2, அளவுக்கு 4. மிச்சம் 10 பைட் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. நீளமான பெயரை எழுத அந்த வரியில் இடமே இல்லை.

வேறு இடங்களில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ் 255 எழுத்து வரை இடம் கொடுத்தது. அப்பிள் மெக்கின்டொஷ் பாவித்தவர்கள் 1985 முதல் 31 எழுத்தில் பெயர் வைத்தார்கள். டொஸ் பாவித்த கோடிக்கணக்கானோர்தான் எட்டு எழுத்துக்குள் சுருக்கிச் சுருக்கி எழுதினார்கள்.

1990களில் மைக்ரோசொப்ட் இதை மாற்ற நினைத்தபோது பெரிய சிக்கல் வந்தது. வரியின் அமைப்பை மாற்றினால் உலகத்தில் இருக்கும் பழைய மென்பொருள்கள் எல்லாம் அந்த வட்டை வாசிக்க முடியாமல் திணறும். மாற்றாவிட்டால் நீளப் பெயருக்கு வழியில்லை.

அவர்கள் கண்ட வழி இதுதான். ஒரு கோப்புக்கு இரண்டு பெயர். பழைய வரியில் எட்டுக்கு மூன்று அளவில் ஒரு குறும்பெயர். அதற்கு முன்னால், அதே 32 பைட் அளவில், நீளப் பெயரைத் துண்டு துண்டாகச் சுமக்கும் மேலதிக வரிகள். ஒரு வரியில் 13 குறிகள், ஆகக் கூடியது 20 வரிகள், மொத்தம் 255 குறிகள். அந்த மேலதிக வரிகளில் வாசிக்க மட்டும், மறைவு, முறைமைக் கோப்பு, வட்டின் பெயர் என்ற நான்கு அடையாளங்களையும் ஒன்றாகப் போட்டார்கள். சாதாரணக் கோப்பு எதிலும் அந்த நான்கும் சேர்ந்து வராது. ஆகவே பழைய டொஸ் அவற்றைக் கணக்கெடுக்காமல் தாண்டிப் போனது. 1995 ஓகஸ்ட் 24இல் விண்டோஸ் 95 வெளியானபோது பொதுமக்கள் கைக்கு வந்தது இந்த ஏற்பாடுதான்.

குறும்பெயரை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும். இடைவெளிகளை நீக்கும், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும், முதல் ஆறு எழுத்தை எடுக்கும், அலைக்குறியும் 1உம் சேர்க்கும். அந்தப் பெயர் ஏற்கனவே இருந்தால் 2, அதுவும் இருந்தால் 3. ஆகவே அந்த இலக்கம் அந்தக் கோப்புறைக்குள் யார் முதலில் வந்தார் என்பதை மட்டுமே காட்டும். வேறு கோப்புறைக்குப் பிரதியெடுத்தால் இலக்கமும் மாறலாம். பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளில் நான்கைத் தாண்டினால் முதல் இரண்டு எழுத்தோடு கணக்கிட்டுப் பெறும் நான்கு குறிகள் சேரும். அதைப் பார்த்து மனிதரால் ஒன்றும் ஊகிக்க முடியாது.

எங்கள் வன்தட்டில் நடந்ததும் இப்போது விளங்கும். டொஸ் மேலதிக வரிகளைத் தாண்டிப் போவதால் பிரதியெடுக்கும்போது அவற்றை விட்டுவிட்டது. பழைய வரி மட்டும் புதிய வட்டுக்குப் போனது. திருத்தியவர் மீது குறை சொல்ல முடியாது. அவருக்குத் திரையில் தெரிந்த பெயர்கள் அவ்வளவுதான்.

நல்ல வேளையாக, பழைய வரியிலேயே திகதியும் இருந்தது. கோப்புகளைத் திகதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஆனால் அது கடைசியாகத் திருத்திய திகதி. பதிவு எந்த வருடத்துக்குரியது என்று அது சொல்லாது. இரண்டு கோப்புகளின் உள்ளே வருடமே எழுதப்பட்டிருக்கவில்லை. அவற்றை அச்சிட்டு ஊரின் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். மௌத்தானவர்களின் பெயர்களை வாசித்துப் பார்த்து, இவருடைய ஜனாஸா இன்ன வருடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் இருந்ததால் முடிந்தது. இன்னும் பத்து வருடம் கழித்துத் திறந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்போம்?

இந்த இரட்டைப் பெயர் விடயம் நீதிமன்றம் வரையும் போனது. அந்த முறைக்கு மைக்ரோசொப்ட் காப்புரிமை வைத்திருந்தது. லினக்ஸ் பாவித்த வழிகாட்டிக் கருவிகளைச் செய்த டொம்டொம் நிறுவனத்தின் மீது 2009 பெப்ரவரியில் தொடுத்த வழக்கில் இந்தக் காப்புரிமையும் இருந்தது. அடுத்த மாதமே இணக்கத்துக்கு வந்தார்கள். அதே வருடம் அன்ட்ரூ டிரிட்ஜெல், நீளப் பெயருக்குச் செல்லுபடியாகும் குறும்பெயர் எதையும் எழுதாமல் விடும் ஒரு மாற்றத்தை லினக்ஸுக்கு எழுதினார். இன்று பெரிய மெமரி கார்டுகளில் இருக்கும் எக்ஸ்ஃபெட் முறையில் குறும்பெயரே இல்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? தமிழில் எழுதும் எமக்கு முழுதாகத் தீரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு ஒன்பது எழுத்து. யுனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் 16 குறிகள். விண்டோஸ் 255 குறிகள் வரை ஏற்கும், ஆகவே அங்கே தாராளம். லினக்ஸில் வழக்கமாகப் பாவிக்கும் ஈஎக்ஸ்டி4 முறையோ 255 பைட் வரைதான் ஏற்கும். ஒரு தமிழ்க் குறிக்கு அங்கே 3 பைட். இந்த ஒரு சொல்லுக்கே 48 பைட் போய்விடும். மொத்தமாக 85 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். விண்டோஸ் கணினியில் நீளமாகத் தமிழில் பெயர் வைத்த கோப்பு, அப்படியான வட்டுக்குப் பிரதியாகும்போது மறுக்கப்படலாம். பிரதியெடுக்கும் மென்பொருள் பெயரை வெட்டியும் விடலாம்.

ஆகவே பள்ளிவாசல், பாடசாலை, சங்கம் என்று பதிவுகள் வைத்திருக்கும் அனைவரிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

1. பெயரில் வருடத்தை முதலில் போடுங்கள். முதல் ஆறு எழுத்து மட்டுமே மிஞ்சினாலும் வருடம் மிஞ்சும்.

2. பெயரைச் சுருக்கமாக வையுங்கள். விபரத்தைக் கோப்பின் உள்ளே முதல் வரியில் எழுதுங்கள். பெயர் போனாலும் அது போகாது.

3. ஒவ்வொரு கோப்புறையிலும் எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வையுங்கள். அதை அச்சிட்டு ஒரு பைலிலும் போடுங்கள்.

வீட்டில் பழைய நெகிழ்வட்டு, இறுவட்டு, வன்தட்டு ஏதாவது கிடந்தால் எறிய வேண்டாம். உள்ளே அலைக்குறியோடு பெயர்கள் தெரிந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள். எங்கள் வாப்பாமார், உம்மாமார் இருக்கும்போதே உட்கார்ந்து, எது எது என்று கேட்டு எழுதிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.