கடல்கடந்த கல்வியும் கேகாலையின் பாடமும்

குடியேற்ற நாட்டு மாணவர் அந்நிய தேசத்திற் பெற்றது பட்டம் மட்டுமன்று என்பதை 1930களின் இலங்கை வரலாற்றில் நாம் காண்கிறோம். பிலிப் குணவர்த்தன அமெரிக்காவின் விஸ்கொன்சினிலும், என். எம். பெரேரா இலண்டனில் ஹரோல்ட் லஸ்கியிடமும் பயின்றனர். பெருமந்தம் ஆளும் நாட்டையே வேலையின்மையில் ஆழ்த்திய காலத்திற் பெரேரா அங்கிருந்தார். ஏகாதிபத்தியத்தின் மகிமை பற்றிய பள்ளிப் பாடம் அங்கு பொய்த்தது.

எனினும் அக்கல்வி நிறைவுற்றது தாயகத்திலேயே. 1934-35இல் மலேரியா பரவியபோது கேகாலைக் கிராமங்களிற் பருப்புப் பகிர்ந்தளித்த பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தயா' என்றழைத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936இல் ருவான்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

நூல்வழி அறிந்த வர்க்க முரண்பாடு, பட்டினியுற்ற உழவனின் குடிசையிலேயே வாழ்க்கை அறிவாயிற்று என்பது நமது கருத்து. இன்று கடல்கடந்து கற்போரையும் நாம் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.